சந்தேகம் யார் மேல்?

புகார் மனுவை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால் ரைட்டர் கட்டாயம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?" கேள்வியில் தப்பில்லை. விசாரணையை எங்கிருந்தாவது தொடங்கத்தானே வேண்டும். தப்பு நம்முடைய பதிலில் இருக்கிறது. கேள்வி முடிவதற்குள் நம் வாயிலிருந்து ஒரு பெயர் வந்துவிடுகிறது. பெயர்கூட இல்லை, ஒரு குடியிருப்பு: "ஏரிக்கரையில இருக்காங்களே, அவங்கதான் சார்."

சீயமங்கலம், தேசூர், அங்கிருந்து தெற்கே செஞ்சி வரைக்கும் உள்ள ஊர்க்காரர்கள் நாம் எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொள்ள வேண்டிய கணக்கு இது. வெளியூரிலிருந்து யாராவது வந்தால் மகேந்திரவர்மன் குடைந்த அவனிபாஜன பல்லவேசுவரத்தைக் காட்டுகிறோம், மலைமேல் இருக்கிற சமணச் சிற்பங்களைக் காட்டுகிறோம். செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஏரிக்கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும் இருக்கிற இருளர் குடிசைகளை மட்டும் காட்டுவதில்லை. அவை நம் நினைவுக்கு வருவது ஏதாவது காணாமல் போகும்போதுதான்.

மோட்டார் ஒயர் திருட்டை எடுத்துக்கொள்வோம். ராத்திரியோடு ராத்திரியாக ஒயரை அறுத்து, மேலுறையைக் கொளுத்தி, செம்பை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். விடிந்து தண்ணீர் பாய்ச்சப் போனவருக்குக் கருகிய பிளாஸ்டிக் நாற்றமும் ஸ்டார்ட்டர் பெட்டியில் தொங்குகிற துண்டு ஒயரும்தான் மிச்சம். மணிலாக் கொல்லை காய்கிற நேரத்தில் புது ஒயருக்குப் பணம் புரட்டுவது எத்தனை கஷ்டம் என்று பட்டவருக்குத் தெரியும். ஆத்திரம் நியாயமானது. ஆனால் அந்த ஆத்திரம் போய் நிற்கிற இடம் எப்போதும் ஒன்றாகவே இருப்பது எப்படி? திருடிய செம்பை எவனோ ஒருவன் எடை போட்டு வாங்கித்தானே இருக்க வேண்டும். பழைய இரும்புக் கடைப் பக்கம் நம் சந்தேகம் ஒருநாளும் போவதில்லை. கடைக்கு போர்டு இருக்கிறது, கடைக்காரர் கோயில் திருவிழாவுக்கு நன்கொடை தருகிறார், நமக்கு ஒருவகையில் உறவும்கூட. இருளருக்கு இதில் எதுவும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், மாந்தோப்புக்கும் பம்புசெட்டுக்கும் ராக்காவல் ஆள் வேண்டுமென்றால் நாம் தேடிப் போவதும் அவர்களைத்தான். காவலுக்கு வைக்கும்போது நம்பிக்கையானவர். ஒயர் போனால் முதல் சந்தேகம் அவர்மேல்.

பெயரைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து விடுகிறோம். வரும் வழியில் ஒரு டீ. அதற்குப் பிறகு அந்த ஆளை எத்தனை மணிக்கு அழைத்துப் போனார்கள், எங்கே வைத்திருந்தார்கள், அவர் மனைவி அன்றிரவு யாரைப் போய்க் கேட்டார் என்பதெல்லாம் நம் கணக்கில் வருவதில்லை. "தப்பு பண்ணலன்னா விட்டுடப் போறாங்க" என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறோம். நம்மைத் தூங்கவைப்பதற்கு அந்த வார்த்தை போதுமானதாக இருந்திருக்கிறது.

விட்டுவிட்டார்களா என்பதை நம் வட்டாரத்துக் கதைகளிலேயே பார்க்கலாம். 1993 மார்ச்சில் விருத்தாசலம் பக்கம் முதனையைச் சேர்ந்த ராஜாக்கண்ணு என்ற குறவர் சமூகத்துக் கூலித்தொழிலாளியை நகைத் திருட்டு விசாரணை என்று கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. தப்பி ஓடிவிட்டார் என்றது போலீஸ். அவர் மனைவி பார்வதி சென்னை உயர் நீதிமன்றம் வரை போய் நின்றார். வழக்கறிஞர் சந்துரு வாதாடினார். காவலர்களுக்கு 2006-இல்தான் உயர் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. அதற்குப் பதின்மூன்று வருடம் ஆனது. "ஜெய் பீம்" படத்தில் ராஜாக்கண்ணுவை இருளராக மாற்றிக் காட்டினார்கள். நாம் கைபேசியில் பார்த்து அழுதோம். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏரிக்கரைக்காரர்களைப் பற்றிப் பழையபடியே பேசினோம்.

அதே 1993-இல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிற அத்தியூருக்குத் திருட்டு வழக்கில் ஓர் இருளரைத் தேடி வந்த புதுச்சேரி போலீஸார் அந்த வீட்டு இளம்பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்ததாக வழக்கு. விழுப்புரம் நீதிமன்றம் 2006-இல் ஆறு பேரைக் குற்றவாளிகள் என்றது; பின்னர் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அந்த வழக்கை எடுத்து நடத்திய போராட்டத்திலிருந்துதான் திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியின் முயற்சியில் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் உருவானது. 2011 நவம்பரில் திருக்கோவிலூர் அருகே மறுபடியும் திருட்டு விசாரணை, மறுபடியும் இருளர் குடியிருப்பு, ராத்திரியில் வேன். நான்கு பெண்கள் தைலமரத் தோப்பில் தங்களுக்கு நடந்ததைப் புகாராகச் சொன்னார்கள். அரசு ஐந்து லட்ச ரூபாய் நிவாரணம் அறிவித்தது. இத்தனையிலும் தொடக்கப் புள்ளி ஒன்றுதான்: ஏதோ ஒரு பொருள் காணோம், அதற்குப் பக்கத்தில் ஏழைகள் இருக்கிறார்கள்.

அடித்தது நாம் இல்லையே என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் ஆள்காட்டும் வேலை நம் கைக்கு எப்படி வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். 1871-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அந்தச் சட்டத்தில் போலீஸுக்கு மட்டும் வேலை கொடுக்கவில்லை. பட்டியலில் உள்ள சாதியைச் சேர்ந்தவர் சொன்ன நேரத்தில் ஆஜராகவில்லை என்றாலோ ஊரைவிட்டுக் கிளம்பினாலோ பக்கத்து ஸ்டேஷனுக்குச் சொல்ல வேண்டிய கடமை மணியக்காரருக்கும் தலையாரிக்கும் மட்டுமின்றி நிலத்துக்காரருக்கும் இருந்தது. நம் பாட்டன்மார் அன்றைக்குச் சட்டத்துக்குப் பயந்து சொன்னார்கள். சென்னை மாகாணம் 1947-இல் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டது. கட்டாயம் போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. நாம் இன்னும் வலியப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

எளியவர்களோடு இது நிற்பதுமில்லை. வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு, பக்கத்து வீட்டு முருங்கை நம் கூரைமேல் சாய்ந்த தகராறு, எல்லாவற்றுக்கும் இப்போது மனு. நாலு பெரியவர்களை வைத்துப் பேசித் தீர்க்க வேண்டியதை, சர்வேயர் வந்து அளக்க வேண்டியதை, "ஸ்டேஷன்ல வச்சுப் பாத்துக்கலாம் வா" என்று சவால் விடுகிறோம். ஸ்டேஷன் பெஞ்சில் எதிராளியை மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டால் வழக்கில் ஜெயித்த திருப்தி. கடைசியில் இரண்டு பக்கமும் அமைதி காக்கும் பிணைக்கு (பழைய 107-ஆம் பிரிவு, இப்போது 126) எழுதிக் கொடுத்துவிட்டு, வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைவதும் நாம்தான். உதவி ஆய்வாளருக்கு எல்லைக்கல்லைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எந்தச் சட்டத்திலும் இல்லை. அந்த அதிகாரத்தை அவர் கையில் தூக்கிக் கொடுத்தவர்கள் நாம். கொடுத்த பிறகு அது எந்த நாள் யார் வீட்டுக் கதவைத் தட்டும் என்பது நம் கையில் இல்லை.

பொதுமக்களும் போலீஸும் ஒன்றாகக் கை கோத்தால் நல்லதுதானே என்ற எண்ணத்தில் 1993-இல் ராமநாதபுரத்தில் பிரதீப் வி. பிலிப் தொடங்கிய 'பிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' அமைப்பு மாநிலம் முழுக்கப் பரவியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துப் போன தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் இறந்தபோது அதன் பெயரும் அடிபட்டது; அடுத்த மாதமே அரசு அதற்குத் தடை போட்டது. அதிகாரத்தின் பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தானும் அதிகாரி என்ற நினைப்பு வர அதிக நாள் ஆகாது.

போலீஸ்கூட இல்லாமல் சந்தேகம் மட்டுமே ஆளைக் கொன்றதையும் நம் திருவண்ணாமலை மாவட்டம் பார்த்திருக்கிறது. 2018 மே 9. போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்டு வந்த சென்னைக் குடும்பத்து மூதாட்டி, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் என்று வாட்ஸ்அப்பில் முன்பே பரவியிருந்த வதந்தி போதுமானதாக இருந்தது. கார் கிளம்பிவிட்டது, அடுத்த ஊருக்குப் போன் பறந்தது, அங்கே கூட்டம் காத்திருந்தது. அந்த அம்மாள் அங்கேயே இறந்துபோனார். அன்றைக்குப் போன் செய்தவர் யாரையும் அடித்திருக்க மாட்டார், தகவல் மட்டும்தான் சொன்னார். ஏரிக்கரையைக் கைகாட்டிவிட்டு வருகிற நாமும் தகவல் மட்டும்தான் சொல்கிறோம்.

இத்தனை துடிப்பாகத் தகவல் சொல்கிற நாம், சொல்லியே ஆக வேண்டியவற்றைச் சொல்கிறோமா? முன்பணம் வாங்கிய கடனுக்காக ஓர் இருளர் குடும்பம் செங்கல் சூளையிலோ மரம் வெட்டும் இடத்திலோ வருடக்கணக்கில் கட்டுண்டு கிடப்பது நமக்குத் தெரியும். 1976-லேயே ஒழிக்கப்பட்ட கொத்தடிமை முறை அது என்றும் தெரியும். கோட்டாட்சியருக்கு ஒரு மனு போட்டால் ஆய்வுக்கு வந்தாக வேண்டும். போட மாட்டோம். சூளைக்காரர் நமக்கு வேண்டப்பட்டவர். பக்கத்து வீட்டில் பெண்டாட்டியை அடிக்கிற சத்தம் கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டுகிறோம், "அது அவங்க குடும்ப விஷயம்." பத்தாவது படிக்கிற பெண்ணுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தால் மொய் எழுதப் போகிறோம், 1098-க்குப் போன் போகாது. திருடியதாக நினைக்கிறவர்மேல் சாட்சி இல்லாமல் புகார். அடிமையாக வைத்திருப்பவர்மேல் கண்ணால் பார்த்தும் புகார் இல்லை. நம்முடைய கோழைத்தனத்துக்குத்தான் நாம் ஊர்க் கட்டுப்பாடு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இதை எழுதுவதால் யாரும் புகாரே கொடுக்கக் கூடாது என்று ஆகாது. ஒயர் போனால் புகார் கொடுக்கத்தான் வேண்டும். என்ன போனது, எப்போது கடைசியாகப் பார்த்தோம், எவ்வளவு நீளம், எந்தக் கம்பெனி ஒயர் என்று எழுதலாம். கண்ணால் கண்டதை எழுதலாம். காணாததை, சாதியை, குடியிருப்பைச் சொல்லக் கூடாது. சட்டமும் இதைத்தான் சொல்கிறது. அரசு ஊழியர் தன் அதிகாரத்தை ஒருவருக்கு எதிராகப் பயன்படுத்த வேண்டும் என்று பொய்த் தகவல் கொடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 217-ஆம் பிரிவில் குற்றம். அதே காரியத்தைப் பட்டியல் சாதியினருக்கோ பழங்குடியினருக்கோ எதிராகச் செய்தால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். இருளர்கள் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள் என்பதை மனு எழுதிக் கொடுக்கிறவருக்கு யாராவது ஞாபகப்படுத்த வேண்டும்.

புகார் கொடுத்த பிறகு ஒரு வேலை மிச்சமிருக்கிறது, நாம் இதுவரை செய்யாமல் விட்டது அதுதான். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், காரில் வைத்த நகையைக் காணோம் என்ற புகாரின்பேரில் கோயில் காவலாளி அஜித்குமாரைத் தனிப்படை அழைத்துப் போனது. மறுநாள் அவர் உயிரோடு இல்லை. அங்கே வேலை பார்த்த இன்னொருவர் மறைந்து நின்று கைபேசியில் எடுத்த வீடியோ உயர் நீதிமன்றத்துக்குப் போனது. காவலர்கள் கைதானார்கள், வழக்கு சிபிஐக்குப் போனது. அழைத்துப் போகிறார்கள் என்று தெரிந்த பிறகும் கண்ணை எடுக்காமல் பார்த்த ஒருவர் அங்கே இருந்தார். நம் ஊர்களில் எத்தனை பேர் அப்படி இருந்திருக்கிறோம்?

ஆகவே ஊர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் புகாரை வைத்து யாரையாவது அழைத்துப் போனால், நாமே இரண்டு பேராகப் பின்னால் போவோம். அடையாளமில்லாத வேனில் ராத்திரியில் வந்து கூப்பிட்டால், நோட்டீஸ் இருக்கிறதா என்று கேட்போம். பெண்களையும் அறுபது தாண்டியவர்களையும் விசாரிக்க ஸ்டேஷனுக்கு அழைக்க முடியாது, அவர்கள் இருக்கிற இடத்துக்குத்தான் வர வேண்டும் என்று சொல்வோம். கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்களா என்று மறுநாள் போய் விசாரிப்போம். புகார் கொடுத்தவரே வந்து கேட்டால் ஸ்டேஷனில் பதில் சொல்லியாக வேண்டியிருக்கும். பிடிபட்டவருக்கு வக்கீல் இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100. அந்த எண்ணுக்குப் பேச காசு கிடையாது.