திருமலை நாயக்கருக்கு ஒரு பார்வை வரி

அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவர்களுக்குத் தெரியும். எந்தக் கடிதமானாலும் மேலே 'பொருள்' என்று ஒரு வரி, அதற்கடுத்து 'பார்வை' என்று ஒரு வரி. எந்தக் கடிதத்தை, எந்த அரசாணையை வைத்து இதை எழுதுகிறோம் என்பது பார்வையில் வந்துவிடும். பார்வை இல்லாமல் போன கோப்பு, போன வேகத்தில் மேசைக்குத் திரும்பி வரும். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணத்தில் செய்து வாட்ஸ்அப்பில் உலவ விடுகிறார்களே ராஜா ராணி முகங்கள், அவற்றுக்கும் அப்படி ஒரு பார்வை வரி வேண்டும் என்பது என் கட்சி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் இந்த வேலையில் கெட்டிக்காரன். பிளெண்டர் என்று ஒரு மென்பொருள், காசில்லாமல் கிடைக்கிறது. திரையில் முதலில் ஒரு உருண்டை. அதைக் களிமண் மாதிரி இழுக்கிறான், அமுக்குகிறான், வழிக்கிறான். கண்குழி வருகிறது, மூக்கு எழும்புகிறது. பிறகு தோலில் மயிர்க்கால் துவாரம், நெற்றியில் சுருக்கம், மீசையில் ஒவ்வொரு முடியாக நடவு. கடைசியில் விளக்கு. வெளிச்சம் காது மடலில் பட்டால் உள்ளே ரத்தம் ஓடுவது போலச் சிவப்பாகத் தெரிகிறது. நான் அசந்துதான் போனேன்.

அவன் செய்திருந்தது திருமலை நாயக்கர். அவர் பெயரிலேயே அந்த ஊரில் ஒரு மகால் இருப்பதால் எடுத்துக்கொண்டான். ஆனால் திரையில் இருந்தவருக்கு உடற்பயிற்சிக் கூடத்து மார்பு, கத்தி போல் தாடை, ஒட்டிய வயிறு. காலடியில் ஒரு வெள்ளை ராஜபாளையம் நாய் வேறு. நாயில் எனக்கு ஆட்சேபணை இல்லை, 2005-இல் தபால்தலையே வெளியிட்டார்கள், நம் ஊர்ப் பெருமை. "தம்பி, வயிறு எங்கே?" என்று கேட்டேன். "பாக்கக் கெத்தா இருக்கணும்ல சார்" என்றான்.

மதுரைப் புது மண்டபத்துக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். நாயக்க மன்னர்கள் வரிசையாகத் தூண்களில் நிற்கிறார்கள். திருமலை நாயக்கர் அங்கே தேவிமாரோடு, கும்பிட்ட கைகளோடு, நன்றாகச் சரிந்த தொந்தியோடு நிற்கிறார். மண்டபம் கட்டியது அவரேதான். ஆட்சி 1623 முதல் 1659 வரை. ஆளும் அரசனையே செதுக்கிய சிற்பி தொந்தியை மறைக்கவில்லை, அரசரும் அதைக் குறைக்கச் சொல்லவில்லை என்றுதானே தெரிகிறது? முந்நூற்று எண்பது வருஷத்துக்குப் பிறகு நாம் எதற்கு அவரைப் பட்டினி போட வேண்டும்? ரொம்ப வருஷமாகத் தையல் மிஷின் சத்தத்துக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவில் அந்தச் சிலைகளைச் சரியாகப் பார்க்கவே முடியாது. இப்போது கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறினால் சுமார் எழுபத்தைந்து கிலோமீட்டர். பல கோணங்களில் போட்டோ எடுத்துக் கொடுத்தால் கம்ப்யூட்டரே அதிலிருந்து முப்பரிமாண உருவம் கட்டித் தரும் என்று சொன்னவனும் அதே பையன்தான். ஆதாரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, சினிமா பார்த்துச் செய்வானேன்?

அந்தக் காலத்தில் மட்டும் கற்பனை இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. கோவில்பட்டியில் இருந்துகொண்டு கொண்டையராஜு வரைந்த தெய்வங்கள்தானே சிவகாசிக் காலண்டர்களில் ஏறி நம் பூஜை அறைகளுக்கு வந்தன. கல்கியில் 1950-இல் தொடங்கிய பொன்னியின் செல்வனுக்கு மணியம் போட்ட படங்களை விட்டு என் வயதுக்காரர்களால் வந்தியத்தேவனை நினைக்க முடியுமா? ஆனால் அவை ஓவியம் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். தூரிகைக் கோடே அதைச் சொல்லிவிடும். மயிர்க்கால் தெரியும் முகத்தில் அந்தக் கோடு இல்லை. போட்டோ என்று நம்பிவிடுகிறோம். என் பேத்தி நம்பினாள்.

படம் ஒருமுறை நிலைத்துவிட்டால் அசைக்க முடியாது என்பதற்குத் திருவள்ளுவரே சாட்சி. கே. ஆர். வேணுகோபால் சர்மா வரைந்த படம் 1964-இல் சட்டமன்றத்தில் திறக்கப்பட்டது, பிறகு எல்லா அலுவலகச் சுவரிலும் ஏறியது. அழகான படம், மனிதர் வருஷக்கணக்காக உழைத்தார். ஆனாலும் அது சர்மாவின் மனக்கண்ணில் தெரிந்த முகம். இன்றைக்கு அந்த முகத்துக்கு எந்த நிறத்தில் உடுத்துவது என்று அடித்துக்கொள்கிறோம், ஏதோ நேரில் பார்த்த மாதிரி.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். கோல் இனத்தாரே நம் முன்னோர் என்று வேட்டி கட்டிய வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்கள் தலைவன் வெர்சேன்ஜெத்தோரிக்ஸ், ரோமானியரை எதிர்த்தவன், தொங்கு மீசைக்காரன். அலேசியாவில் நிற்கும் அவனுடைய பெரிய சிலையை 1865-இல் செய்தவர் எமே மிய்யே, செய்யச் சொன்னவர் மூன்றாம் நெப்போலியன். சிலையின் முகத்தில் அந்த நெப்போலியன் சாயலே இருக்கிறது என்பார்கள். ராஜா காசு கொடுத்தால் ராஜா முகம், சினிமா காசு கொடுத்தால் நடிகர் முகம்.

அதே நாட்டில் நான்காம் ஹென்றியின் கதை இன்னும் வேடிக்கை. புரட்சியின்போது, 1793-இல், அரச கல்லறைகளைத் தோண்டிச் சிதைத்தார்கள். பதப்பட்ட தலை ஒன்று கைமாறிக் கைமாறி வந்தது. அது ஹென்றியின் தலைதான் என்று 2010-இல் ஓர் ஆய்வுக் குழு அறிவித்தது. அதை வைத்து 2013-இல் முப்பரிமாணத்தில் முகமும் செய்து காட்டினார்கள், தாடியும் நரையுமாக உயிரோடு இருப்பதுபோல. அதே வருஷம் இன்னொரு குழு, இன்று உயிரோடிருக்கும் பூர்போன் வம்சத்து ஆண்களின் மரபணுவோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தவில்லை என்றது. முகம் பிரமாதம், ஆள் யார் என்பதில்தான் வழக்கு. பார்வை வரியில் தகராறு என்றால் கடிதம் எவ்வளவு அழகான கையெழுத்தில் இருந்து என்ன?

சரியாகச் செய்வதற்கு உதாரணம் தேட வெளிநாடு போக வேண்டாம். கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகை இடுகாட்டில் முதுமக்கள் தாழிகள் கிடைத்தன அல்லவா? அங்கே கிடைத்த இரண்டு ஆண்களின் மண்டையோடுகளை வைத்து மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் முக ஆய்வுக்கூடத்தாரும் சேர்ந்து முகம் அமைத்தார்கள். 2025-இல் படங்கள் வெளிவந்தன. இந்த வேலையின் முறையே வேறு. எலும்பை ஸ்கேன் செய்து, எந்த இடத்தில் சதை எத்தனை மில்லிமீட்டர் இருக்கும் என்ற அளவுகளை வைத்துத் தசையை அடுக்கடுக்காகப் போர்த்துகிறார்கள். தாடை எலும்பு, கண்குழி, கன்ன எலும்பு சொல்வதைத் தாண்டிப் போகக் கூடாது. காது, உதடு, மூக்கு நுனி இவற்றை எலும்பு முழுதாகச் சொல்லாது, அங்கே அனுபவமும் ஊகமும் சேரும். தோல் நிறத்துக்கு இன்றைய தமிழ்நாட்டு மக்களைப் பார்த்துக்கொண்டோம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். அதைத்தான் நான் பார்வை என்கிறேன். இன்னது எலும்பு சொன்னது, இன்னது நாங்கள் சேர்த்தது.

இது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரே போதும். நம் அரசு முத்திரையில் இருப்பது ஆண்டாள் கோயில் கோபுரம் என்றுதான் எல்லோரும் படித்தோம். ஆனால் முத்திரையை வரைந்த ஆர். கிருஷ்ணா ராவ் மதுரை மீனாட்சி கோயில் மேற்குக் கோபுரத்தைப் பார்த்து வரைந்தார் என்று சொல்பவர்களும் உண்டு. 1949-இல் பிறந்த படம். நேற்றைய விஷயத்துக்கே இந்தக் கதி.

இப்போது அந்தப் பையனின் நாயக்கரை ஒரு பள்ளிக்கூட விழாவுக்குப் பிளெக்ஸில் அடிக்கப்போகிறார்களாம். அடுத்து ஆண்டாளைச் செய்து கொடு என்று வேறு கேட்டிருக்கிறார்கள். ஆண்டாளை விட்டுவிடு என்றேன். சாய்ந்த கொண்டையும் கையில் கிளியுமாகக் கோயிலில் இருக்கிற கோலம் போதும். அந்த முகத்துக்கு மயிர்க்கால் வைக்க உலகத்தில் ஒரு ஆதாரமும் கிடையாது. பக்தர்களின் மனத்தில் ஆளுக்கொரு ஆண்டாள் இருக்கிறாள், அவளை ஒரே அச்சில் வார்ப்பது எனக்குச் சம்மதமில்லை. அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நல்ல பணம் சொன்னார்களாம். பிழைக்க வேண்டிய பிள்ளை, அதையும் நான் மறுக்கவில்லை.

நாயக்கர் விஷயத்தில் இறங்கி வந்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போய்ப் படம் எடுத்து வருகிறேன், தொந்தியை வைத்துவிடுகிறேன் என்றான். படத்தின் அடியில் போட ஒரு வாசகம் எழுதித் தரச் சொன்னான். பழைய பழக்கம் விடுமா, இப்படி எழுதிக் கொடுத்தேன்:

பொருள்: திருமலை நாயக்கர், கணினியில் செய்த உருவம்.
பார்வை: மதுரைப் புது மண்டபத் தூண் சிற்பம்.
ஊகம்: தோல் நிறம், கண், துணியின் வண்ணம், நாய்.

பிளெக்ஸில் மூன்று வரிக்கு இடம் இல்லை என்று விழாக் குழுவில் சொல்கிறார்களாம். கீழே கைகூப்பி நிற்கும் நன்கொடையாளர்கள் பன்னிரண்டு பேரின் படத்தையும் ஆளுக்கு ஓர் அங்குலம் குறைக்கச் சொல்லியிருக்கிறேன்.