பஞ்சு ஒட்டிய மீன்

சென்ற சித்திரை வெயிலில் ஒரு காலைப்பொழுது, முன்விறாந்தையில் இருந்த கண்ணாடித் தொட்டியின் அருகே நின்று நம் இளைய மகள் கூவினாள்: "அப்பா, கப்பிக்கு வாயிலை பஞ்சு ஒட்டியிருக்கு!" நாம் குனிந்து பார்த்தோம். மீனின் உதட்டைச் சுற்றிச் சாம்பல் கலந்த வெண்மை படர்ந்திருந்தது. வாற்செட்டையின் ஓரம் கிழிந்த துணி போல நைந்திருந்தது. பல ஆண்டுகள் மீன் வளர்த்த அயலவர் ஒருவர் வந்து பார்த்து, "இது பூஞ்சணம்" என்று தீர்ப்புக் கூறினார். அதற்கென விற்கும் நீல மருந்தை வாங்கி ஊற்றினோம். மறுநாள் மாலைக்குள் இரண்டு மீன்கள் இறந்தன. அச்சத்தில் ஒரு மடமை செய்தோம். அலுமாரியில் எப்போதோ எஞ்சிக் கிடந்த ரெற்றாசைக்கிளின் குளிகை இரண்டினை உடைத்துத் தொட்டியினுள் கொட்டினோம். நீர் தேநீர் நிறமாயிற்று. மூன்றாம் நாள், நோயில்லாதிருந்த மீன்களும் நீர்மட்டத்தில் வாய் பிளந்து மூச்சுக்குத் தவித்தன. பதினொன்றில் எஞ்சியவை மூன்றே.

எட்டு உயிர்களைப் பலிகொடுத்த பின்னரே இந்நோயைப் பற்றி ஒழுங்காகப் படிக்க அமர்ந்தோம். வீட்டில் மீன் தொட்டி வைத்திருக்கும் நேயர்களுக்கும், தாமே அதனைப் பேணும் மாணவர்களுக்கும் அது பயன்படலாம் என்பதால் இவ்வாரம் எழுதுகின்றோம்.

நாம் கண்டது பூஞ்சணம் அன்று. கொலம்னாரிஸ் என்னும் பற்றீரியா நோய். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்று மீன்களில் இதனைக் கண்டு 1922 ஆம் ஆண்டில் விவரித்தவர் டேவிஸ் என்னும் ஆய்வாளர். நுண்பெருக்கியின் கீழ் இப்பற்றீரியாக்கள் திரண்டு தூண்கள் போல நிற்பதால் இப்பெயர் வந்தது. மெய்யான பூஞ்சணம் நீண்ட மென்னூல்களாகப் புசுபுசுவென்று வளரும், பெரும்பாலும் முன்னரே புண்பட்ட இடத்தில்தான் பற்றும், மெல்லவே பரவும். கொலம்னாரிசோ தோலோடு ஒட்டிய மாவுப் படலம் போலத் தோன்றும். அதன் ஓரங்களில் சிலவேளை மஞ்சள் படியும். வாயிலும், செவுள் என்னும் பூவிலும், முதுகில் சேணம் பூட்டியது போலவும் படரும். கொடிய வகையாயின் ஓரிரு நாளில் மீனை முடித்துவிடும். ஆதலின் பெயரைப் பிழையாகச் சூட்டினால், இழப்பது நாம் இழந்த அந்த இரண்டு நாள்களையே.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெண்புள்ளி நோய்க்கு நீரைச் சற்றே சூடாக்குவது வழக்கம். கொலம்னாரிசுக்கு அதைச் செய்வது எரிகிற அடுப்பில் எண்ணெய் வார்ப்பதாகும். வெப்பம் ஏற ஏற இப்பற்றீரியா வேகங்கொள்ளும். நமது முன்விறாந்தை வெயில் அதற்கு வாய்த்த விருந்தாயிற்று போலும்.

இக்கிருமிகள் எங்கிருந்து வந்தன என்று மகள் கேட்டாள். பெரும்பாலும் எங்கிருந்தும் வரவேண்டியதில்லை. தொட்டி நீரிலேயே இருப்பவைதாம். மீன் சோர்ந்தால் எழும்பும். மீனைச் சோர்வுறச் செய்வது அதன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் பிறக்கும் அமோனியா. அதனை நைத்திரைற்றாகவும், பின்னர் அத்துணை கேடில்லாத நைத்திரேற்றாகவும் மாற்றுபவை வடிகட்டியிலும் பரற்கற்களிலும் குடியிருக்கும் நல்ல பற்றீரியாக்கள். நாம் கொட்டிய மருந்துக்கு நல்லது கெட்டது தெரியுமா? காவற்காரரையும் சேர்த்தே அது வீழ்த்தியிருக்கவேண்டும். நலமுற்றிருந்த மீன்கள் தவித்ததன் காரணம் அதுவென்றே இப்போது கருதுகின்றோம்.

எனவே முதல் மருந்து நீர். நோய் கண்ட அன்றே தொட்டி நீரில் பாதியை மாற்றுக. கொழும்புக் குழாய் நீராயின் குளோரீன் நீக்கிய பின்னரே ஊற்றுக. வடிகட்டியைக் குழாய் நீரில் கழுவற்க. எடுத்த தொட்டி நீரிலேயே அலசுக. தீனியைக் குறைக்க.

அடுத்து, நோயுற்ற மீனுக்குத் தனி வாளி. சவர்க்காரம் படாத வாளியில் 15 லீற்றர் நீர், காற்றுக் குமிழி, வீட்டின் குளிர்ந்த மூலை, அவ்வளவே. ஒரு லீற்றருக்கு 2 கிராம் வீதம் 30 கிராம் உப்பை, அதாவது ஏறத்தாழ ஐந்து தேக்கரண்டியை, வேறு பாத்திரத்தில் கரைத்து, ஒரு நாளில் மூன்று தடவையாகச் சேர்க்கலாம். சமையலறை உப்பே போதும். அயடீன் சேர்ந்ததாயினும் தீங்கில்லை. கப்பி இதனை நன்கு தாங்கும். கெளிற்றினங்கள் அத்துணை தாங்கா. நீர்ச்செடியுள்ள தொட்டியில் உப்பைப் போடவே வேண்டாம். வாளி நீரை நாள்தோறும் பாதி மாற்றி, மாற்றிய அளவுக்கு மட்டும் உப்புச் சேர்க்க.

நுண்ணுயிர்கொல்லி மருந்து இதன் பின்னரே வரவேண்டும்; அதுவும் விலங்கு வைத்தியரைக் கேட்டு. மீனைத் தாக்கும் பற்றீரியாக்களில் மிகப்பல கிராம்-எதிர் வகையின. எரித்திரோமைசின் போன்றது பெரும்பாலும் மற்ற வகைக்கே வலியது. ரெற்றாசைக்கிளினுக்கோ வேறொரு குறை உண்டு: நீரிலுள்ள கல்சியம் அதனைப் பிணைத்துச் செயலிழக்கச் செய்துவிடும். சுண்ணக்கற் பாறையில் ஊறிய நம் யாழ்ப்பாணக் கிணற்று நீரில் அம்மருந்தைக் கரைப்பது பாதி வீண். மீன் இன்னும் உண்ணுமாயின் தீனியில் கலந்து கொடுப்பதே மேல். மருந்து கலந்த நீரைக் கிணற்றடியில் ஊற்றுவதும் தகாது. அரைகுறை மருந்துக்குப் பழகிய கிருமி மீனோடு நின்றுவிடுவதில்லை.

உடல் ஊதி, செதில்கள் அன்னாசித் தோல் போல நிமிர்ந்த மீனைப் பற்றிச் சொல்லச் சிறிதே உண்டு. உட்சென்ற நோய் அது. மீள்வது அரிது.

வீட்டில் சிறுவர் உளராயின் இதனையும் அறிக. 1926 ஆம் ஆண்டில் பிலடெல்பியா மீன்காட்சியகத்து மீன்களில் அரொன்சன் என்பார் காசநோய்க் கிருமியின் இனத்ததான ஒன்றைக் கண்டார். அது நன்னீர்த் தொட்டிகளிலும் வாழும். கையிலுள்ள சிறு கீறல் வழியே மனிதர் தோலிலும் புகுந்து, வாரக்கணக்கில் ஆறாத கட்டிகளை உண்டாக்கும். புண்ணுள்ள கையைத் தொட்டியில் இடலாகாது. குழாயை வாயால் உறிஞ்சி நீர் இறக்கும் பழக்கத்தையும் கைவிடுக. ஆறாத கட்டி எதுவும் இருப்பின், வீட்டில் மீன் வளர்ப்பதை வைத்தியரிடம் மறவாது சொல்க. சொல்லாவிடின் அவர்க்கு அந்த எண்ணமே தோன்றாது போகலாம்.

எஞ்சிய மூன்று கப்பிகளையும் உப்பு வாளியில் பத்து நாள் வைத்திருந்தோம். ஒன்றின் வால் இன்னும் குறையாகவே இருக்கின்றது. தொட்டியை உள்ளறை நிழலுக்கு மாற்றியாயிற்று. தீனி டப்பா இப்போது மகளின் பொறுப்பில் இல்லை. அதைப் பற்றி அவளுக்கு மனத்தாங்கல் உண்டு.