கேப்டன் வியோமுக்காக ஒரு வார்த்தை



எங்கள் கொல்லிமலையில் வீரர் கதைக்குப் பஞ்சமில்லை. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்தியவன் வல்வில் ஓரி என்று புறநானூறு பாடுகிறது. அதைக் கேட்டு வளர்ந்த திருப்புலி நாட்டுப் பையன்களாகிய எங்களுக்கு 1998-இல் இன்னொரு வீரன் கிடைத்தான். தூரதர்ஷனில் வந்த ‘கேப்டன் வியோம்’தான் அவன்.

கேதன் மேத்தாவின் தொடர்; நாயகன் மிலிந்த் சோமன். விண்வெளிச் சிறையிலிருந்து தப்பிய குற்றவாளிகளைத் தேடிப் பிடிப்பது கதை. வியோமம் என்றால் ஆகாயம். இந்தி பாதிகூடப் புரியாது. ஆன்டெனாவைத் திருப்ப ஒருவன் கூரைமேல் நிற்க வேண்டும். ஆயினும் பார்த்தோம். ஓரிரு ஆண்டுகளில் தொடர் நின்றுபோயிற்று.

‘சக்திமான்’ 1997 முதல் 2005 வரை ஓடியது. அவனுக்கு ஆற்றல் யோகத்தால் வந்தது. அதைப் பற்றிக் கேள்வி கேட்க இடமில்லை. வியோமோ விண்கலத்தில் போனவன். விண்கலம் என்றாலே எரிபொருள் எங்கே, தூரம் எவ்வளவு என்று கேட்கலாம். நீண்ட ஆயுள் வியோமுக்கே வாய்த்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

சக்திமான் வந்து காப்பாற்றுவான் என்று நம்பிச் சில குழந்தைகள் ஆபத்தைத் தேடிக்கொண்டதாக அந்நாளில் பத்திரிகைகள் எழுதின. தொடரையே நிறுத்தச் சொன்னவர்களும் உண்டு. நாயகனே திரையில் தோன்றிக் குழந்தைகளுக்குப் புத்தி சொன்னார். நல்லதுதான். ஆனால் புத்திமதியோடு ஒரு கணக்கையும் சொல்லியிருக்கலாமே!

45 மீட்டர் உயரத்திலிருந்து ஒருவன் விழுகிறான். காற்றுத் தடையை விட்டுவிடுங்கள். புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று கொள்ளுங்கள். 3 வினாடியில் தரைக்கு வருவான். அப்போது அவன் வேகம் வினாடிக்கு 30 மீட்டர், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர். தரைக்குச் சற்று மேலே நம் வீரன் இரு கைகளையும் நீட்டி, அரை மீட்டருக்குள் அவனைப் பிடித்து நிறுத்துகிறான். எதிர் முடுக்கம் 900. புவியீர்ப்பைப்போல் 90 மடங்கு! எலும்பு தாங்குமா? வீரனின் இரும்புக் கை தரையைவிட அதிக இரக்கம் காட்டிவிடாது. உண்மையில் காப்பாற்ற வேண்டுமானால், விழுபவனோடு தானும் அதே வேகத்தில் கீழே பறந்து, அவனைத் தழுவிக்கொண்டு, பல மீட்டர் தூரத்தில் மெல்ல மெல்ல வேகத்தைக் குறைக்க வேண்டும். மாடியிலிருந்து குதிப்பவருக்குக் கீழே தார்ப்பாயை விரித்துப் பிடிப்பதும் இதற்காகத்தான். இதைத் தெரிந்துகொண்ட பையன் கூரையிலிருந்து குதிக்கமாட்டான். சக்திமானை ரசிப்பதையும் விடமாட்டான்.

வியோம் போன்ற கதைகளிலும் பிழைகள் மலிந்திருக்கும். காற்றே இல்லாத வெளியில் வெடிச்சத்தம் கேட்கும். எனக்கு அதில் கோபமில்லை. தப்பைக் கண்டுபிடித்து ‘ஆகா!’ என்று கூவும் சுகமே தனி!

உங்களுக்கும் ஒன்று தருகிறேன். வியாழன் மிக அருகில் வரும்போதும் பூமியிலிருந்து சுமார் 59 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வானொலி அலை வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். வியாழனருகே மாட்டிக்கொண்ட கேப்டன் ‘உதவி!’ என்கிறான். பூமியில் உடனே பதில் சொன்னாலும் அது அவன் காதில் விழ எத்தனை நிமிடம் ஆகும்? கணக்கைப் போட்டுவிட்டு, அதுவரை அவன் என்ன செய்தான் என்று ஒரு கதையும் எழுதிப் பாருங்கள்.