பாட்டைக் கேட்குமுன் பேரைக் கேள்



“புதுசா நல்ல பாட்டு ஏதாவது சொல்லுங்க தோழர். ஒரு கிடாரை வச்சுக்கிட்டு, தானே எழுதித் தானே பாடுறாங்களே, அந்த மாதிரி.” வாசகர் வட்டத்துக்கு வருகிற மாணவர்கள் இப்போது அடிக்கடி கேட்பது இது. ‘இண்டி ஃபோக்’ என்று அதற்கு ஒரு பெயரும் சொல்கிறார்கள். பெரிய கம்பெனியின் தயவு வேண்டாம், வாத்தியப் பட்டாளம் வேண்டாம். ஒரு மரக் கிடார், ஒரு குரல், சொந்தச் சொல். கவிதை எழுதுகிறவன் என்கிற முறையில் எனக்கும் பிடித்த விஷயம்தான்.

ஆனால் தேடுகிற இடத்தைப் பாருங்கள். கைபேசி ஒரு பட்டியலை நீட்டுகிறது. தாடி வைத்த வெள்ளைக்கார இளைஞன், பனி விழும் காட்டில் ஒரு மரவீடு, காதல் தோல்வி. அடுத்ததும் அதே. அதற்கடுத்ததும் அதே. இனிமையாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. நான் கேட்பது வேறு. அமெரிக்காவில் இந்தப் பாட்டை வளர்த்த கறுப்பு மக்கள், குறிப்பாகக் கறுப்புப் பெண்கள், இந்தப் பட்டியலில் எங்கே?

எலிசபெத் காட்டன் என்ற பெயரைத் தேடிக் கேளுங்கள். 1893இல் வட கரோலினாவில் பிறந்தவர். இடதுகைப் பழக்கம். கிடைத்ததோ வலதுகைக்காரர்களுக்கான கிடார். தந்திகளை மாற்றிக் கட்டவில்லை. கிடாரையே தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். கட்டைவிரல் மெட்டை மீட்டியது, மற்ற விரல்கள் கீழ்ச்சுரத்தை மீட்டின. இன்று ‘காட்டன் பாணி’ என்று கிடார் வாத்தியார்கள் சொல்லிக்கொடுப்பது, ஒரு சின்னப் பெண் தனக்குத்தானே கற்றுக்கொண்ட வித்தை. பத்துப் பன்னிரண்டு வயதில், சரக்கு ரயிலைப் பற்றி ‘ஃபிரெயிட் டிரெயின்’ என்ற பாட்டைக் கட்டினார். அப்புறம் வீட்டு வேலை, கல்யாணம், குழந்தை. உலகப் பாட்டெல்லாம் வேண்டாம் என்று சபையின் கண்டிப்பு வேறு. பல பத்தாண்டுகள் கிடாரைத் தொடவில்லை.

1940களில் வாஷிங்டனில் ஒரு கடையில் வேலை பார்த்தபோது, தொலைந்துபோன ஒரு குழந்தையைத் தாயிடம் சேர்த்தார். அந்தக் குடும்பம் அவரை வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டது. எந்தக் குடும்பம் தெரியுமா? சீகர் குடும்பம். நாட்டுப்பாடல்களைத் தேடிச் சேகரிப்பதையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள். ஊர் ஊராய்ப் பாட்டுத் தேடியவர்களின் அடுப்படியிலேயே ஒரு பாட்டு வேலை செய்துகொண்டிருந்தது. சுவரில் தொங்கிய கிடாரை ஒருநாள் அவராக எடுத்து வாசித்த பிறகுதான் வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்தது. இதைத்தான் ‘கண்டுபிடித்தார்கள்’ என்று எழுதுகிறார்கள். யார் யாரைக் கண்டுபிடித்தது?

1957இல் அந்தப் பாட்டு பிரிட்டனில் பெரிய வெற்றி பெற்றது. பாடியவர்கள் வேறு. எழுதியவர்கள் என்று அச்சில் வந்த பெயர்களும் வேறு. வழக்கு, பேச்சுவார்த்தை என்று அலைந்துதான் எழுதியவரின் பெயர் எழுதியவரிடமே வந்தது. மைக் சீகர் அவருடைய வீட்டுக்கே போய்ப் பதிவு செய்த முதல் இசைத்தட்டு 1958இல் வந்தபோது காட்டனுக்கு 65 வயது. 1985இல் கிராமி விருது வாங்கும்போது தொண்ணூறைத் தாண்டிவிட்டார். இரண்டு வருஷத்தில் இறந்தும் போனார்.

இப்போது இன்னொரு பெண். டிரேசி சாப்மன். 1988 ஜூன் 11, லண்டன் வெம்பிளி அரங்கில் நெல்சன் மண்டேலாவின் எழுபதாவது பிறந்தநாள் இசை நிகழ்ச்சி. மண்டேலா அப்போது சிறையில். ஸ்டீவி வொண்டரின் கருவிகளுக்குத் தேவையான ஒரு பொருள் காணாமல் போக, மேடை காலியாக நின்றது. ஏற்கெனவே பாடி முடித்திருந்த சாப்மன், தனி ஆளாக ஒரு கிடாரோடு திரும்ப ஏறினார். பாடியது ‘ஃபாஸ்ட் கார்’. குடிகார அப்பனுக்காகப் படிப்பை விட்ட ஒருத்தி, கடையில் பில் போட்டுக்கொண்டே ஊரைவிட்டுத் தப்பிக்க நினைக்கிற கதை. உலகமே நின்று கேட்டது.

35 வருஷம் கழித்து, 2023இல், லூக் கோம்ப்ஸ் என்ற வெள்ளைக்காரப் பாடகர் அதையே திரும்பப் பாடினார். அமெரிக்க கன்ட்ரி வானொலிப் பட்டியலில் முதலிடம். ஒரு கறுப்புப் பெண் தனியாக எழுதிய பாட்டு அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அந்த நவம்பரில் கன்ட்ரி இசைச் சங்கம் ‘ஆண்டின் சிறந்த பாட்டு’ விருதை எழுதியவருக்குக் கொடுத்தது. அந்த விருதை வாங்கிய முதல் கறுப்பர் சாப்மன்தான். 1957இல் நடந்தது 2023இல் ஏன் நடக்கவில்லை? வெள்ளைக்காரர்கள் திருந்திவிட்டார்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாட்டுக்கு அடியில் அவளுடைய பெயர் சட்டப்படி இருந்தது. பெயர் இருந்த இடத்துக்குக் காசு போனது, மரியாதையும் போனது. அவ்வளவுதான் விஷயம்.

பெயர் எப்படி அழிந்தது என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1920களில் இசைத்தட்டுக் கம்பெனிகள் இரண்டு பட்டியல் போட்டன. கறுப்பர்களுக்கு விற்க ஒன்று, தெற்கத்தி வெள்ளைக்காரர்களுக்கு விற்க ஒன்று. கறுப்பன் என்றால் புளூஸ். பிடிலும் பாஞ்சோவும் வெள்ளைக்காரப் பட்டியலுக்கு. இத்தனைக்கும் பாஞ்சோ எங்கிருந்து வந்தது? மேற்கு ஆப்பிரிக்கச் சுரைக்குடுக்கை வாத்தியங்களின் நினைவில் அடிமைகள் செய்த வாத்தியம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு அதை மேடையில் கேலிப்பொருளாக்கினார்கள். கேலி செய்ததோடு நிற்கவில்லை, சொந்தமும் கொண்டாடிக்கொண்டார்கள்.

2005இல் வட கரோலினாவின் பூன் நகரில் கறுப்புப் பாஞ்சோ கலைஞர்கள் கூடினார்கள். அங்கே சந்தித்த ரியானன் கிடன்ஸ் முதலான மூன்று இளைஞர்கள், எண்பது வயதைத் தாண்டிய பிடில் கலைஞர் ஜோ தாம்சன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். ‘கரோலினா சாக்லெட் டிராப்ஸ்’ குழு அப்படிப் பிறந்தது. 2011இல் கிராமி வாங்கியது. 2019இல் கிடன்ஸ், அமிதிஸ்ட் கையா, லேலா மெக்காலா, ஆலிசன் ரசல் என்று நான்கு கறுப்புப் பெண்கள் பாஞ்சோவோடு சேர்ந்து ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். ‘சாங்ஸ் ஆஃப் அவர் நேட்டிவ் டாட்டர்ஸ்’ என்று பெயர். அடிமைப்பட்டிருந்த பெண்கள் பேசுவதாகப் பாட்டுகள்.

இங்கேதான் தேடுகிற வழி திறக்கிறது. ஒரு பெயரைப் பிடித்தால் அடுத்த பெயர் வரும். மெக்காலாவைப் பிடித்தால், லாங்ஸ்டன் ஹியூஸ் கவிதைகளுக்கு அவர் மெட்டமைத்த 2014 தொகுப்பு கிடைக்கும். ரசலைப் பிடித்தால் ‘அவுட்சைட் சைல்ட்’; சிறு வயதில் வீட்டுக்குள் பட்ட கொடுமையிலிருந்து தப்பி வந்தவரின் 2021 தொகுப்பு. கவிதையும் கிடாரும் வேண்டுமா? அமெரிக்காவின் தேசிய இளைஞர் கவிஞராக 2019இல் தேர்வான காரா ஜாக்சன் இருக்கிறார். அவருடைய முதல் முழுத் தொகுப்பு 2023இல் வந்தது. எந்தக் கம்ப்யூட்டரும் சிபாரிசு செய்யக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் கேட்டால் மட்டும் போதுமா? நான் வங்கி குமாஸ்தா. என் கவுன்டரில் பத்து ரூபாய் கட்ட வருகிற கிழவிக்கும் சலான் உண்டு, முத்திரை உண்டு, கணக்கில் ஒரு வரி உண்டு. சின்னத் தொகைதானே என்று அதை எடுத்துப் பெரிய மனுஷன் கணக்கில் போட முடியாது. போட்டால் என் வேலை போய்விடும். ஸ்பாட்டிஃபை கம்பெனிக்கு அந்தப் பயம் இல்லை. ஒரு வருஷத்தில் ஆயிரம் தடவைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாட்டுக்கு, பதிவு உரிமைப் பணம் கிடையாது என்று 2024 முதல் விதி வைத்திருக்கிறது. அந்தப் பணம் ஆயிரத்தைத் தாண்டிய பாட்டுகளுக்குப் போகிறது. சில்லறைக் காசு எப்படியும் கலைஞர் கைக்குப் போய்ச் சேருவதில்லை என்று சமாதானம் சொல்கிறார்கள். போய்ச் சேராவிட்டால் சேர்ப்பதற்கு வழி பண்ணு. உரிமையை ஏன்டா எடுக்கிறாய்? முதல் பாட்டு போடுகிற ஏழைப் பிள்ளைக்கு அந்த ஆயிரம் என்பது ஒரு வாசற்படி. தாண்டும்வரை அவள் கூலியில்லாமல் பாட வேண்டும்.

வேறு வழியும் இருக்கிறது. பேண்ட்கேம்ப் தளத்தில் பாட்டை விலைக்கு வாங்கினால், செலவு போகச் சுமார் எண்பது சதவீதம் பாடினவருக்குப் போகும். அதுவும் புனிதத் தலம் ஒன்றுமில்லை. 2023இல் கைமாறியபோது சுமார் பாதித் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். இருந்தாலும் இன்றைக்கு நம் காசு நேராகப் பாடினவரிடம் போவதற்கு அது ஒரு வழி.

1972இல் பம்பாயில் நம் தோழர்கள், அமெரிக்காவின் கறுஞ்சிறுத்தைகளைப் பார்த்துத்தான் தங்களுக்குத் தலித் சிறுத்தைகள் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தவர்கள் கவிஞர்களும்கூட. அந்த மக்களின் அரசியலைத் தேடிப்போய் எடுத்த நாம், அவர்களின் பாட்டை மட்டும் ஏன் கடைக்காரன் நீட்டுகிற தட்டிலிருந்து எடுக்க வேண்டும்?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு பாட்டு கொண்டு வாருங்கள். கூடவே ஒரு துண்டுத் தாளில் நான்கு விவரம்: எழுதியது யார், வாசித்தது யார், வெளியிட்டது யார், காசு யாருக்குப் போகிறது. தாளை முதலில் படிப்போம். அப்புறம் பாட்டைப் போடுவோம்.