கச்சேரி பையன்களுக்கு மட்டுமா?

திருவிழாக் கச்சேரியில் பையன்கள் மேடை முன்னால் ஆடுறாங்க. நாம அம்மா பக்கத்தில் உட்காரணும், ஒன்பது மணிக்குக் கிளம்பணும்.

தோழிகளோடு போறேன்னா, 2023-ல் சென்னை பனையூரில் ஏ.ஆர்.ரகுமான் கச்சேரி நெரிசலில் பெண்கள் பட்ட பாட்டைச் சொல்லி வாயை அடைக்கிறாங்க. இடம் கொள்ளாத கூட்டத்தை விட்டது யார் தப்பு? போன பொண்ணுங்க தப்பா?

2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் கச்சேரி நடந்தது. கிடார், டிரம்ஸோடு பறையும் சட்டியும்! குழுவில் 19 பேர். ஒரே பெண் இசைவாணி, ஆண்களே பாடிவந்த கானாவைப் பாடினார். 2020-ல் பி.பி.சி.யின் 100 பெண்கள் பட்டியலிலும் வந்தார். அவர் மேடையேறலாம், நாம கீழே நின்னு கேட்கக்கூடாதா?

அடுத்த திருவிழாவில் மேடை முன்னால் ஒரு பக்கம் கயிறு கட்டி நமக்கு விடட்டும். துணைக்கு அத்தை வந்தா அவங்களும் ஆடட்டும்!