சென்னைக்குப் போக ஒன்றரை மணிநேரம், திரும்பி வர ஆறரை மணிநேரமா?

ஊரிலிருந்து திடீரென்று ஒரு துக்கச் செய்தி. தெம்பனிஸ் வீட்டில் அவசர அவசரமாகப் பெட்டி கட்டும்போதே அடுத்த அழைப்பு வரும்: "எப்போ வந்து சேருவீங்க? உங்களுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்?"

அதற்குச் சரியான பதில் சொல்லப் பயணச்சீட்டை மட்டும் பார்த்தால் போதாது.

தூரம் எவ்வளவு?

சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குச் சுமார் 2,900 கிலோமீட்டர். திருச்சிக்குச் சுமார் 3,000 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் இரண்டுக்கும் ஏறக்குறைய 4 மணிநேரம்தான். காற்றின் வேகத்தைப் பொறுத்துச் சற்றுக் கூடலாம், குறையலாம்.

பயணச்சீட்டில் ஏன் வேறு கணக்கு?

பயணச்சீட்டில் அந்தந்த ஊரின் நேரமே அச்சிடப்படும். சிங்கப்பூர் இந்தியாவைவிட இரண்டரை மணிநேரம் முன்னால் இருக்கிறது.

- இங்கிருந்து இரவு 8 மணிக்குக் கிளம்பினால், சென்னையில் இறங்கும்போது அங்கே இரவு 9.30.
- சென்னையில் இரவு 11.30க்குக் கிளம்பினால், சாங்கியில் இறங்கும்போது காலை 6 மணி.

முன்பு இந்த வித்தியாசம் 2 மணிநேரமாக இருந்தது. 1982 ஜனவரி முதல் தேதி சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணிநேரம் முன்னுக்குத் தள்ளியது.

எந்த விமான நிலையம்?

நேரத்தை மிச்சப்படுத்துவது இந்த முடிவுதான். உங்கள் ஊர் தஞ்சாவூர் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். திருச்சியிலிருந்து சாலைவழி சுமார் 60 கிலோமீட்டர். சென்னையிலிருந்து சுமார் 340 கிலோமீட்டர். சென்னை விமானம் 2 மணிநேரம் முன்னதாகக் கிளம்பினாலும், திருச்சி விமானத்தில் போகிறவர் முதலில் வீடு சேர வாய்ப்பு அதிகம். கோயம்புத்தூருக்கும் இங்கிருந்து நேரடிச் சேவை உண்டு.

வேறு என்ன கவனிக்கவேண்டும்?

- தேதி: சனிக்கிழமை அதிகாலை 12.30 மணி விமானம் என்றால், வெள்ளிக்கிழமை இரவே சாங்கியில் இருக்கவேண்டும். ஒரு நாள் தள்ளிப் போய் விமானத்தைத் தவறவிடுவது இப்படித்தான்.
- விசா: சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு இந்திய விசா தேவை. ஓசிஐ அட்டை இருந்தால் தேவையில்லை. அவசரத்தில் பயணத்தைத் தாமதப்படுத்துவது பெரும்பாலும் தூரமல்ல, இந்த ஆவணம்தான்.

ஊருக்கு என்ன பதில் சொல்லலாம்?

விமான நிலையத்தில் முன்கூட்டியே 3 மணிநேரம், விமானத்தில் 4 மணிநேரம், குடிநுழைவுச் சோதனைக்கும் பெட்டிக்கும் 1 மணிநேரம், பிறகு சாலைப் பயணம். திருச்சி வழியாகத் தஞ்சாவூர் என்றால் தெம்பனிஸ் வீட்டிலிருந்து கிட்டத்தட்ட 10 மணிநேரம். அதையும் இந்திய நேரத்துக்கு மாற்றிச் சொல்லுங்கள். அங்கே காத்திருப்பவர்கள் அந்தக் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.