அரைவட்டம் பொருந்தினால் போதுமா?

கரிம ஒளியுமிழ் டையோடுகளைப் பற்றி இவ்விதழுக்கு வரும் கட்டுரைகளில் ஒரு படம் தவறுவதில்லை. கோல்-கோல் வரைபடத்தில் இரண்டு அரைவட்டங்கள். பக்கத்தில் இரண்டு ஆர்சி இணைகளைத் தொடராகக் கோத்த சமானச் சுற்று. ஒன்று துளை கடத்தும் அடுக்கு, மற்றது எலக்ட்ரான் கடத்தும் அடுக்கு என்று பெயரும் சூட்டியாகிவிடும். அதே தரவுக்கு ஏணி வடிவச் சுற்றொன்றும் இம்மி பிசகாமல் பொருந்தும் என்பதை யாரும் சொல்வதில்லை. அப்படியும் பொருந்தாவிட்டால் இருக்கவே இருக்கிறது மாறாக் கட்ட உறுப்பு. அது எதைக் குறிக்கிறது என்று கேட்டால், ‘படலத்தின் சீரின்மை’ என்று பதில் வரும். இதை விளக்கம் என்று ஏற்பதற்கில்லை.

இம்பீடன்ஸ் அளவீட்டால் சாதிக்கக்கூடியது இதைவிட அதிகம். 1987இல் கோடாக் ஆய்வகத்தில் டாங்கும் வான்ஸ்லைக்கும் உருவாக்கிய ஈரடுக்கு டையோடின் வழிவந்த என்பிபி–ஆல்க்யூ3 சாதனத்தையே பாருங்கள். பின்னோக்குச் சார்பில் இரு அடுக்குகளும் வெறும் மின்காப்புப் பொருள்கள். கிடைப்பது முழுத் தடிமனுக்குரிய மின்தேக்குத்திறன். மின்னழுத்தத்தை மெல்ல உயர்த்தினால், ஒளி தோன்றுவதற்கு வெகு முன்பே, அது ஒரு படி ஏறி ஆல்க்யூ3 அடுக்கின் மதிப்பில் நிற்கிறது. துளைகள் என்பிபியைக் கடந்து இடைமுகத்தில் குவிந்துவிட்டன. உள்ளமை மின்னழுத்தத்தை எட்டும் முன்பே அவற்றை இழுத்தது எது? இடைமுகத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 1 மில்லிகூலூம் எதிர் மின்னூட்டம் இருப்பதை ப்ரூட்டிங் குழுவினர் இத்தகைய அளவீடுகளிலிருந்தே கண்டறிந்தார்கள். ஆல்க்யூ3 படலத்தின் தடிமனைக் கூட்டக் கூட்ட அந்தப் படி எதிர் மின்னழுத்தப் பக்கம் நகர்வதுதான் சான்று. வெற்றிடத்தில் படியும்போது மூலக்கூறுகளின் இருமுனைகள் ஓரளவு ஒரே பக்கம் சாய்ந்துவிடுவதே காரணம். 2002இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இருட்டில் படியவைத்த 560 நானோமீட்டர் படலத்தில் 28 வோல்ட் மேற்பரப்பு அழுத்தம் கண்டதும் இதனால்தான். ஒரே ஒரு மின்னழுத்தத்தில் எடுத்த அரைவட்டத்தில் இதில் எதுவும் தெரியாது.

இனி உயர் அதிர்வெண் முனை. 100 நானோமீட்டர் தடிமன், 4 சதுர மில்லிமீட்டர் பரப்பு, மின்காப்பு மாறிலி 3.5 என்றால் மின்தேக்குத்திறன் ஏறத்தாழ 1.2 நானோஃபாரட். ஐடிஓ மின்வாயும் இணைப்பும் சேர்ந்து 50 ஓம் என்றால், 2.6 மெகாஹெர்ட்ஸ் அருகே வளைவு தானாகவே சரியும். அந்தச் சரிவுக்கு ‘இடைமுக அடுக்கு’ என்று பெயர் வைத்து, அதிலிருந்து இயக்க எண்ணையும் கணக்கிட்டவர்கள் உண்டு!

தாழ் அதிர்வெண்ணில் தோன்றும் எதிர் மின்தேக்குத்திறனுக்கு மறுஇணைவும் காரணமாகலாம், சாதனம் தானே சூடாவதும் காரணமாகலாம். வெப்பநிலையை மாற்றி அளக்காமல் இரண்டில் ஒன்றைத் தேர்வது ஊகம். 0.1 ஹெர்ட்சில் ஒரு சுழற்சிக்கே 10 விநாடி ஆகிறது. அதற்குள் சாதனம் மாறிவிட்டதா என்பதை க்ராமர்ஸ்–க்ரோனிக் சோதனை காட்டிக்கொடுக்கும்.

ஆகவே கட்டுரை அனுப்புவோரிடம் எங்கள் வேண்டுகோள்: மின்னழுத்தம் மாற்றி எடுத்த தொடர், குறைந்தது மூன்று தடிமன்கள், வெப்பநிலை, மாறுமின் வீச்சு, சாதனப் பரப்பு, மூலத் தரவு ஆகியவற்றைச் சேர்த்தே அனுப்புங்கள். இவை இல்லாத சமானச் சுற்றுகளைக் கட்டுரையின் முடிவுகளுக்கு ஆதாரமாக இனி ஏற்கமாட்டோம்.